பைஃபேஷியல் பேனலைத் தரையில் மாட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் சென்னையை ஒட்டிய முடிச்சூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் அரை கிரவுண்டு காலி இடம், அதில் ஆறு பைஃபேஷியல் பேனல்கள், அதாவது முன்னும் பின்னும் இரண்டு முகத்திலும் வெளிச்சம் வாங்கிக் கரண்ட் தரும் சோலார் பேனல்கள். கீழ் விளிம்பு தரையிலிருந்து ஒரு அடிகூட இல்லை. அடியில் கோரைப்புல் வளர்ந்து கண்ணாடியை முட்டிக்கொண்டிருந்தது. "அண்ணா, பின்பக்கமும் கரண்ட் வரும்னுதானே கூட காசு கொடுத்தேன், ஒண்ணும் தெரியலையே" என்றார் வீட்டுக்காரத் தம்பி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சொந்த மனையில் நான் முதலில் செய்து வைத்ததும் அச்சு அசல் இதேதான்.

தெற்கு பார்த்து வையுங்கள், தென்னை மர நிழல் விழாமல் பாருங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பேனலை வாங்கிவிட்டுத் தரையை மறப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னமும் எரிச்சல் வருகிறது. பேனலின் பின்முகத்துக்குப் பெரும்பாலும் வெயில் நேராகப் படாது. தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் அதற்குச் சாப்பாடு. புல் தரை தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தரும். ஈர மண் அதையும் தராது. புதிதாக வெள்ளை அடித்த தரை பாதிக்கு மேல் தரும். வந்து சேரும் அந்த வெளிச்சத்தையும் பின்பக்கம் முன்பக்கம் அளவுக்குப் பயன்படுத்தாது. பேனலுக்குள் இருக்கும் செல் பெர்க் வகை என்றால் முன்பக்கத் திறனில் சுமார் 70 சதவீதம், டாப்கான் வகை என்றால் 80-ஐ ஒட்டி.

என் மனையில் ஸ்ட்ரக்சர், அதாவது பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டம், அடிக்க வந்த வெல்டர், "எதுக்கு சார் உயரம், பைப்தான் வேஸ்ட்" என்றார். நானும் தலையாட்டினேன். ஒரு அடி உயரம். பேனலைப் பிடிக்கும் கிளாம்ப் உட்கார இரண்டு பைப் போதும்; ஸ்ட்ராங்காக இருக்கட்டும் என்று நடுவில் மூன்றாவதாக ஒன்றையும் பேனலின் முதுகை மறைத்து ஒட்டி ஓட்டிவிட்டார். தாழ்வாக வைத்தால் பேனலின் நிழலே அடித்தரை முழுக்க விழும். நிழல் விழுந்த தரை எதைத் திருப்பி அனுப்பும்?

ஆறு மாதம் கழித்துத்தான் சந்தேகம் வந்தது. வெயில் நிலையாக இருந்த ஒரு மதியம், ஒரு வரிசையின் பின்பக்கத்தைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடி, ஒயரில் ஓடும் கரண்ட்டை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தேன். 9.8 ஆம்பியர். தார்ப்பாயை இழுத்துவிட்டுப் பார்த்தேன். 10.0. இரண்டு முகத்துக்கும் காசு கொடுத்து, இரண்டாவது முகத்திலிருந்து எனக்குக் கிடைத்தது அந்த 0.2 தான்.

அப்புறம் எல்லாவற்றையும் கழற்றினேன். கால்களை மாற்றி, கீழ் விளிம்பை மூன்றரை அடிக்கு உயர்த்தி, நடுப் பைப்பை அறுத்தெடுத்து, தரையில் களை வராமல் விரிப்பு போட்டு மேலே வெள்ளை ஜல்லி கொட்டினேன். சிமென்ட் போட்டு வெள்ளை அடிக்கலாம்தான். ஆனால் ஜல்லி என்றால் மழைத் தண்ணீர் மண்ணில் இறங்கும். முதல்முறை ஸ்ட்ரக்சருக்குக் கொடுத்த தொகையில் முக்கால்வாசி மறுபடி போயிற்று. அதே தார்ப்பாய்ச் சோதனை: மூடினால் 9.8, திறந்தால் 10.6. ஆரம்பத்திலேயே செய்திருந்தால் கூடுதலாகச் சில பைப் துண்டுகளும் ஒரு லோடு ஜல்லியும்தான் ஆகியிருக்கும்.

ஜல்லியைப் பேனலுக்கு நேர் கீழே மட்டும் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வெயில் படும் தரைதான் வேலை செய்யும் என்பதால் நாலு பக்கமும் நாலைந்து அடி வெளியே நீட்டிக் கொட்டுங்கள். நம் ஊரில் சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியும்வரை உச்சிவெயில் தலைக்கு மேலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும், மார்கழியில் நன்றாகத் தெற்கே போய்விடும். நிழல் ஒரே இடத்தில் நிற்காது.

30 சதவீதக் கணக்கு

"540 வாட் பேனல், பின்பக்கத்தையும் சேர்த்தால் 700" என்று ஒரு விற்பனையாளர் என்னிடமே சொன்னார். பேனல் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள வாட் முன்பக்கத்துக்கு மட்டும். வீட்டு மனையில் ஒழுங்காகச் செய்தால் வருஷத்துக்கு 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் சொல்கிறவரிடம் எழுதிக் கேளுங்கள்.

இன்வெர்ட்டரின் ஆம்பியர்

பேனலின் டிசி கரண்ட்டை வீட்டுக்கான ஏசியாக மாற்றுவது இன்வெர்ட்டர். அதை வாங்கும்போது வோல்ட்டேஜ் சரியாக இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள், கரண்ட்டைப் பார்ப்பதில்லை. பெரிய செல் பேனல்கள் முன்பக்கத்திலேயே 13 ஆம்பியர் தரும், பின்பக்கம் அதற்கு மேலும் ஏற்றும். ஒரு உள்ளீட்டுக்கு 11 அல்லது 12.5 ஆம்பியர்தான் வாங்கும் பழைய இன்வெர்ட்டர் கழிவு விலையில் கிடைக்கிறதே என்று மாட்டினால், மிச்சத்தை அது எடுத்துக்கொள்ளவே போவதில்லை. நல்ல வெயிலில், பின்பக்கம் உழைக்கும் அதே நேரத்தில்தான் அந்த இழப்பும். டிசி ஃபியூஸையும் பேனலின் டேட்டா ஷீட்டைப் பார்த்தே போடுங்கள்.

காற்றும் வெள்ளமும்

உயர்த்தினால் காற்று அதிகம் பிடிக்கும். வெல்டர் அதைச் சொல்லியிருந்தால் மதித்திருப்பேன். கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875-இல் சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது ஊரில் எத்தனை மரம் சாய்ந்தது என்று நினைத்துப் பாருங்கள். குழி தோண்டிக் கான்கிரீட் போடாமல், ஏற்கெனவே கிடக்கும் மெல்லிய சிமென்ட் தரையில் நாலு ஆங்கர் போல்ட் அடித்து நிறுத்தினால் அது ஸ்ட்ரக்சர் இல்லை, பட்டம்.

தண்ணீருக்கும் அதே கவனம் வேண்டும். 2023 மிக்ஜாம் புயல் மழையில் முடிச்சூர், வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, பேனல் ஒயர்களை இணைக்கும் கனெக்டர்களையும் இன்வெர்ட்டரையும் அதற்கு மேலே வையுங்கள். என் பக்கத்து மனைக்காரர் கனெக்டர்களைத் தரையில் தொங்கவிட்டிருந்தார். மழை நின்ற பிறகும் ஒரு வாரம் இன்வெர்ட்டர் எர்த் ஃபால்ட் (கரண்ட் தரைக்குக் கசிகிறது என்ற எச்சரிக்கை) காட்டிக்கொண்டே இருந்தது.

வெல்டிங் மேல் சில்வர் பெயின்ட்

ஈசிஆர் பக்கம் உப்புக்காற்றில் இரண்டு மழைக்காலம் தாங்காது. வெல்டிங்கைப் பட்டறையிலேயே முடித்து, அதற்குப் பிறகு ஹாட் டிப் கால்வனைஸ் செய்த, அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஸ்ட்ரக்சர் வாங்குங்கள்; இடத்தில் போல்ட் முடுக்குவதோடு சரி.

போர் தண்ணீரில் கழுவுவது

உப்புக்கறை.

மூலையில் நிறுத்துவது

இரண்டு பக்கமும் 2 மில்லிமீட்டர் கண்ணாடி, எடை 30 கிலோவுக்கு மேல். ஒற்றை ஆளாகத் தூக்கி மூலையை ஊன்றி நிறுத்தினால் விரிசல் விடும்.

நிழலுக்கு ஆசைப்படுவது

மூன்றரை அடிக்கு உயர்த்தியதும் அடியில் அருமையான நிழல் கிடைத்துவிட்டது. முதலில் தென்னை மட்டை அடுக்கினார்கள். அப்புறம் பழைய சைக்கிள் வந்தது. ஒரு நாள் பார்த்தால் பின் கால்களுக்குக் குறுக்கே கொடி கட்டி, என் கைலி பேனலின் முதுகை மறைத்துக்கொண்டு காய்ந்துகொண்டிருக்கிறது. "பின்னாடி வெயிலே படலையே, அங்க என்ன கரண்ட் வரப்போகுது?" என்றாள் என் மனைவி. மறுபடியும் தார்ப்பாயையும் கிளாம்ப் மீட்டரையும் எடுத்து வந்தேன்.