தனிமமா, சேர்மமா, கலவையா? மனப்பாடம் பண்ணாம கண்டுபிடிக்கிறது எப்படி

ஒன்பதாவது படிக்கிற புள்ள வீட்டுல இருந்தா இந்தக் கேள்வி எப்படியும் வரும், பால் சேர்மமா கலவையான்னு. புக்ல இருக்குற டெஃபனிஷன கடகடன்னு ஒப்பிக்குற பசங்களே பால்னு கேட்டதும் முழிப்பாங்க. அதனால டெஃபனிஷன கொஞ்சம் ஓரமா வச்சுட்டு ஒரே ஒரு கேள்விய கேட்டுப் பழகுங்க: இத பிரிக்கணும்னா என்ன பண்ணணும்?

வடிகட்டியோ, காய வச்சோ, காந்தம் காட்டியோ பிரிச்சுடலாம்னா அது கலவை. இந்த வேலைக்கெல்லாம் அசையல, ஆனா கரண்ட் விட்டோ நல்லா சூடு பண்ணியோ வேற வேற பொருளா உடைக்க முடியுதுன்னா சேர்மம். லேப்ல என்ன குட்டிக்கரணம் போட்டாலும் அதுக்கு மேல எளிய பொருளா உடையலன்னா தனிமம்.

இதுல தனிமம்தான் ரொம்ப ஈசி, அதனால அங்கருந்து ஆரம்பிங்க. மொத்தமே 118 தான், தனிம வரிசை அட்டவணைய எடுத்து அதுல பேர் இருக்கான்னு பாத்தா முடிஞ்சுது. இரும்பு இருக்கு, காப்பர் இருக்கு, பாதரசம் இருக்கு. பித்தளை இருக்காது, ஏன்னா அது காப்பரும் துத்தநாகமும் சேந்த உலோகக்கலவை. எவர்சில்வரும் இருக்காது, அது இரும்போட குரோமியம், பெரும்பாலும் நிக்கலும் சேத்தது, வெள்ளி அதுல துளி கூட கிடையாது.

அட்டவணைல இல்லன்னா அடுத்து அதுக்குள்ள எது எவ்வளவு இருக்குன்னு அளவ பாருங்க. நகைக்கடையில 916னு சொல்றாங்கல்ல, அதுல 91.6 சதவீதம் தங்கம், மீதி காப்பர் வெள்ளி மாதிரி ஐட்டம், அதே 18 கேரட்னா தங்கம் 75 சதவீதம்தான். நம்ம இஷ்டத்துக்கு அளவ மாத்தலாம், மாத்தினாலும் அத தங்க நகைன்னுதான் சொல்லுவோம், அதனால அது கலவை. தண்ணில இந்த வேலை நடக்காது. 18 கிராம் சுத்தமான தண்ணில 2 கிராம் ஹைட்ரஜன், 16 கிராம் ஆக்சிஜன், காவிரில எடுத்தாலும் சரி, ஐஸ உருக்கி எடுத்தாலும் சரி, இந்தக் கணக்கு மாறாது. சேர்மத்துக்கு அதுதான் அடையாளம்.

இது ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் மண்டைல உக்காரணும்னா ஸ்கூல் லேப்ல பண்ற இரும்பு–கந்தக சோதனைதான் பெஸ்ட். 7 கிராம் இரும்புத்தூள், 4 கிராம் கந்தகத்தூள், ரெண்டையும் கலந்துட்டு மேல காந்தத்த காட்டினா இரும்பு மட்டும் மீசை மாதிரி வந்து ஒட்டிக்கும், மஞ்சத்தூள் கீழயே கிடக்கும். அதே கலவைய டெஸ்ட் ட்யூப்ல போட்டு சூடு பண்ணா ஒரு ஓரத்துல செவக்க ஆரம்பிக்கும், அப்போ பர்னர தள்ளி வச்சாலும் அந்த செவப்பு தானா உள்ள வரைக்கும் பரவிட்டே போகும், ஏன்னா வினை நடக்கும்போதே வெப்பம் வெளிய வருது. ஆறினதும் கறுப்பா ஒரு கட்டி இருக்கும், காந்தத்த காட்டினா முன்ன மாதிரி இரும்பு பிரிஞ்சு வராது. அது இப்ப இரும்பு சல்ஃபைடு, இரும்போட குணமும் இல்ல, கந்தகத்தோட குணமும் இல்ல. இத வீட்டுல ட்ரை பண்ணிடாதீங்க, கந்தகம் எரிஞ்சா வர்ற புகை தொண்டைய பிடுங்கிடும், டீச்சர் பக்கத்துல இருக்கும்போது லேப்லயே பாருங்க.

வீட்டுல பண்ணணும்னா கறுப்பு ஸ்கெட்ச் பென் போதும். டிஷ்யூ பேப்பர நீளமா கிழிச்சு, கீழ் ஓரத்துலருந்து ரெண்டு சென்டிமீட்டர் மேல ஒரு பொட்டு வைங்க, அப்புறம் டம்ளர்ல கொஞ்சூண்டு தண்ணி ஊத்தி பேப்பரோட நுனி மட்டும் நனையுற மாதிரி தொங்க விடுங்க, பொட்டு தண்ணிக்குள்ள போயிடக்கூடாது, போச்சுன்னா மை கரைஞ்சு டம்ளருக்குள்ள போயிடும். தண்ணி மேல ஏற ஏற கறுப்புக்குள்ளருந்து நீலம், ரோஸ், மஞ்சள்னு தனித்தனியா கலர் பிரியும், அதாவது அந்தக் கறுப்பு மை ஒரு கலவை. எந்தக் கலர் வரும்ங்கிறது பேனாவ பொறுத்தது. பெர்மனன்ட் மார்க்கர்ல பண்ணிட்டு வரலையேன்னு சொல்லாதீங்க, அந்த மை தண்ணில கரையாது.

இப்ப பாலுக்கு வருவோம். பாக்க ஒரே சீரா இருக்கறதாலதான் பசங்க குழம்புறாங்க. ரூம இருட்டாக்கிட்டு, கண்ணாடி டம்ளர்ல உப்புத்தண்ணி வச்சு சைடுலருந்து மொபைல் டார்ச் அடிங்க, உள்ள வெளிச்சம் போற பாதை கண்ணுக்கு தெரியாது. அதுல ரெண்டு மூணு சொட்டு பால் விட்டுட்டு அடிங்க, பாதை பளிச்சுன்னு தெரியும். பால்ல இருக்குற கொழுப்புத் துளியும் புரதமும் வெளிச்சத்த சிதறடிக்கிற அளவுக்கு பெருசு, இதத்தான் டிண்டால் விளைவுன்னு சொல்றாங்க. இப்படி குட்டிக் குட்டித் துகள் கரையாம இன்னொன்னுக்குள்ள பரவி நிக்கிறதுக்குப் பேர்தான் கூழ்மம். அதனால பால் கூழ்மம், கூழ்மமும் கலவைல ஒரு வகைதான்.

எக்ஸாம்ல அடிக்கடி மார்க் போற இடம் இன்னொன்னு இருக்கு. மூலக்கூறுன்னு பாத்த உடனே சேர்மம்னு எழுதிடுறாங்க. ஆக்சிஜன்ல ரெண்டு அணு, ஓசோன்ல மூணு, கந்தகத்துல எட்டு அணு சேந்து ஒரு மூலக்கூறா இருக்கும், ஆனா எல்லாமே ஒரே வகை அணு, அதனால தனிமம்தான். வேற வேற வகை அணு சேந்தாதான் சேர்மம்.

கடைசியா சமையக்கட்டுக்குள்ள போய் ஒரு ரவுண்டு ப்ராக்டிஸ் பண்ணுங்க. சர்க்கரை சேர்மம், வெல்லம் கலவை. சமையல் சோடா சேர்மம், பேக்கிங் பவுடர்ல அந்த சோடாவோட அமிலத்தன்மை உள்ள உப்பும் ஸ்டார்ச்சும் இருக்கறதால கலவை. சாமி ரூம்ல இருக்குற கற்பூரம் சேர்மம். உப்புதான் கொஞ்சம் வில்லங்கம்: கேள்வில சோடியம் குளோரைடுன்னு இருந்தா யோசிக்காம சேர்மம்னு எழுதுங்க, அயோடின் உப்பு பாக்கெட்டுன்னு கேட்டா அதுல பொட்டாசியம் அயோடேட்டும் கொஞ்சம் கலந்திருக்கு, கலவைன்னு எழுதிட்டு காரணத்தையும் ஒரு வரி சேத்துடுங்க.