சித்திரை பிறந்த பிறகு புள்ளிப் பட்டியலைப் படிப்பது எப்படி?

பருவம் தொடங்கும் ஆகஸ்டு மாதத்தில், இங்கிலாந்துக் காற்பந்தின் முதல்நிலைப் போட்டியான பிரிமியர் லீக்கின் புள்ளிப் பட்டியலை யார் வேண்டுமானாலும் மேலிருந்து கீழாகப் படித்துவிட்டுப் போகலாம். அதனால் யாருக்கும் நட்டமில்லை. சித்திரை பிறந்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்தாறு ஆட்டங்களே மிச்சமிருக்கும் நிலையில் அதே பழக்கத்தோடு படிப்பவர்தான் காப்பிக்கடையில் வம்பில் மாட்டிக்கொள்கிறார். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் நாங்கள் வாரந்தோறும் கூடும் மேசையில் நடக்கும் சண்டைகளில் பாதி, பட்டியலில் அச்சிட்டிருக்கும் புள்ளியையே உண்மையான நிலையென்று நம்புவதால் வருபவை. பட்டப் போட்டியைப் பற்றியும் கீழிறக்கத்தைப் பற்றியும் பேசுவதற்கு முன்பு அந்தப் பட்டியலை எப்படித் திருத்தி எழுதிக்கொள்வது என்பதை இங்கே சொல்ல முயல்கிறேன்.

அடிப்படை விதிகளை விரைவாகக் கடந்துவிடலாம். 20 குழுக்கள், ஆளுக்கு 38 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, சமநிலை கண்டால் 1 புள்ளி. கடைசி மூன்று இடங்களில் நிற்கும் குழுக்கள் சாம்பியன்ஷிப் எனப்படும் இரண்டாம் நிலை லீக்கிற்கு இறங்கிவிடும். புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசமும் (அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து வருவது), அதுவும் சமமானால் அடித்த கோல்களின் எண்ணிக்கையும், அதற்கும் பிறகே அவ்விரு குழுக்களும் தமக்குள் ஆடிய ஆட்டங்களும் கணக்கில் வரும். இந்த வரிசையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் நேரடி ஆட்டங்களே முதலில் பார்க்கப்படுவதால், லா லீகாவையும் பின்தொடரும் நண்பர்கள் இந்த இடத்தில் அடிக்கடி குழம்புகிறார்கள்.

முதல் வேலை, பட்டியலுக்கு இன்னொரு பத்தியைச் சேர்ப்பது. மிச்சமுள்ள ஆட்டங்களை மூன்றால் பெருக்கி, இப்போதுள்ள புள்ளியோடு கூட்டினால், அந்தக் குழு எட்டக்கூடிய உச்சப் புள்ளி கிடைக்கும். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி, நமக்கு 27ஆம் தேதி விடியற்காலை, மான்செஸ்டர் சிட்டி ஆர்சனலை 4-1 என்று வீழ்த்தியது. அன்று மாலை எங்கள் மேசையில் இருந்த ஆர்சனல் ரசிகர் ஒருவர், “இன்னும் நாங்கதானே மேலே இருக்கோம்?” என்றார். பட்டியல்படி அவர் சொன்னது சரிதான்: 33 ஆட்டங்களில் ஆர்சனல் 75 புள்ளி, 31 ஆட்டங்களில் சிட்டி 73 புள்ளி. நாங்கள் எல்லாரும் மாமா என்று அழைக்கும் மூத்தவர் ஒருவர் தம் தே ஓ (பாலில்லாத தேநீர்) கண்ணாடிக் குவளையை ஓரமாகத் தள்ளிவைத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பராட்டாக் கடை ரசீதின் பின்பக்கத்தில் இரண்டே வரிகள் எழுதினார். ஆர்சனல், 75 கூட்டல் 15, 90. சிட்டி, 73 கூட்டல் 21, 94. “இப்ப சொல்லு தம்பி, யாரு மேலே?” என்று ரசீதைத் திருப்பி வைத்தார். குவளையின் ஈரம் பட்டு 94 சற்றுக் கலங்கியிருந்ததே தவிர, கணக்கு கலங்கவில்லை. இறுதியில் சிட்டி 89 புள்ளிகளோடும் ஆர்சனல் 84 புள்ளிகளோடும் பருவத்தை முடித்தன.

அந்த முடிவை மட்டும் பார்த்து, கைவசமுள்ள ஆட்டத்தை, அதாவது போட்டியாளரைவிடக் கூடுதலாக மிச்சமிருக்கும் ஆட்டத்தை, அப்படியே மூன்று புள்ளியாக வரவு வைத்துவிடக் கூடாது. உச்சப் புள்ளி என்பது கூரை. வீடு அதுவரை எழும்பும் என்பதற்கு அது உத்தரவாதமன்று. சிட்டியே 94ஐ எட்டவில்லை. பட்டம் உறுதியான பின்பு ஓர் ஆட்டத்தில் சமநிலை கண்டது, ஓர் ஆட்டத்தில் தோற்றது. மேலும், ஒரு குழுவிடம் கைவசம் ஆட்டம் சேருவதே பெரும்பாலும் அது கிண்ணப் போட்டிகளிலும் ஐரோப்பியப் போட்டிகளிலும் நீடித்திருப்பதால்தான். ஆகவே அந்த ஆட்டம் வார நடுவில், களைத்த கால்களோடு ஆட வேண்டியதாக இருக்கும். உச்சப் புள்ளிக்குப் பக்கத்திலேயே எதிராளி யார், ஆட்டம் யாருடைய திடலில், அதற்கு மூன்று நாள் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பவற்றையும் குறித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது வேலை, பட்டியலைக் கீழிருந்து படிப்பது. பட்டப் போட்டி ஒரு கதை, கீழிறக்கம் வேறு கதை என்று பிரித்துப் பேசுவது நம்மிடம் வேரூன்றிவிட்டது. பெரிய குழுக்களின் ரசிகர்களே இங்கு மிகுதி என்பதால் 17ஆம் இடத்துக்குக் கீழே கண் போவதில்லை. ஆனால் 2023இல் சிட்டிக்குப் பட்டத்தை உறுதிசெய்தது சிட்டி ஆடிய ஆட்டமே அன்று. மே 20ஆம் தேதி நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் தன் சொந்தத் திடலில் ஆர்சனலை 1-0 என்று தோற்கடித்தது. அந்த ஒரு கோலால் ஃபாரஸ்ட் பிரிமியர் லீக்கில் தங்கியது, சிட்டி வெற்றியாளரானது. ஆர்சனலின் மிச்ச ஆட்டங்களைப் பார்த்து “ஃபாரஸ்ட்தானே” என்று எளிதாகக் கடந்தவர்கள், தண்ணீர் கழுத்துவரை வந்துவிட்ட குழு எப்படி ஆடும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. மிச்சமுள்ள எதிராளிகள் ஒவ்வொருவருக்கும் நேராக, அவர்களுக்கு அந்த ஆட்டத்திலிருந்து என்ன தேவை என்று ஒரு சொல்லில் எழுதிவையுங்கள்: பட்டம், ஐரோப்பா (அடுத்த பருவ ஐரோப்பியப் போட்டிகளில் இடம்), உயிர் (கீழிறக்கத்திலிருந்து தப்புவது), ஒன்றுமில்லை.

“ஒன்றுமில்லை” என்று எழுதிய குழுவிடம் எளிதாகப் புள்ளி கிடைக்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2014 மே 5ஆம் தேதி, லிவர்பூல் பட்டத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தபோது சந்தித்த கிரிஸ்டல் பேலஸ், கீழிறக்க ஆபத்திலிருந்து ஏற்கெனவே தப்பியிருந்தது. நமக்கு விடியற்காலை 3 மணி ஆட்டம். லிவர்பூல் மூன்றாவது கோலை அடித்தபோது மணி நாலேகால் இருக்கும்; லிவர்பூல் ரசிகனான நான் மனநிறைவோடு தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் எம்ஆர்டி ரயிலில் சக ஊழியரைப் பார்த்ததும், “மூன்று கோல், பார்த்தீர்களா?” என்று நான் பெருமையோடு கேட்க, அவர் பதில் பேசாமல் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். 3-3. சிட்டியின் கோல் வித்தியாசத்தை எட்டிப் பிடிக்க மேலும் மேலும் முன்னேறி ஆடிய குழு, கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் மூன்று கோல்களை விட்டிருந்தது. அந்தப் பருவத்தில் சிட்டி 86, லிவர்பூல் 84.

இதுவே நம்மைக் கோல் வித்தியாசத்துக்குக் கொண்டுவருகிறது. பெரும்பாலான ரசிகர்கள் இதைக் கடைசி வாரத்தில்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது சித்திரையிலேயே. இரு குழுக்களுக்கிடையே கோல் வித்தியாசம் ஏழெட்டுக்கு மேல் இருந்தால், முந்தியிருக்கும் குழுவுக்கு நடைமுறையில் இன்னொரு புள்ளி கூடுதலாக இருப்பதாகவே எண்ணிக்கொள்ளலாம். 2011-12 பருவத்தில் சிட்டியும் மான்யூவும் (மான்செஸ்டர் யுனைடெட்) 89 புள்ளிகளில் சமமாக நின்றன. சிட்டியின் வித்தியாசம் 64, மான்யூவின் வித்தியாசம் 56. கடைசி நாளில் சிட்டிக்காக அகுவேரோ அடித்த கோலை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய அக்டோபரில் மான்யூவின் திடலான ஓல்ட் டிராஃபர்டில் சிட்டி 6-1 என்று வென்றபோதே, ஒரே ஆட்டத்தில் இரு குழுக்களுக்கும் இடையே 10 கோல் இடைவெளி விழுந்துவிட்டதை மாமா மட்டும்தான் (அவர் மான்யூ ரசிகர், பாவம்) இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடித்த கோல்களின் எண்ணிக்கை வரை போக வேண்டிவரும் நாளும் உண்டு. 1989 மே 26ஆம் தேதி ஆர்சனல் லிவர்பூலின் திடலான ஆன்ஃபீல்டில் 2-0 என்று வென்றபோது, லிவர்பூலுக்கும் அதற்கும் 76 புள்ளிகள், கோல் வித்தியாசமும் ஆளுக்கு 37. ஆர்சனல் 73 கோல்களும் லிவர்பூல் 65 கோல்களும் அடித்திருந்ததால் பட்டம் லண்டனுக்குப் போனது. ஆனால் நான் எல்லாருக்கும் பயிற்சிக் கணக்காகக் கொடுப்பது 2011 மே 22ஆம் தேதியின் கீழிறக்கக் கணக்கைத்தான். வெஸ்ட் ஹாம் முன்பே இறங்கிவிட்டது. மீதி இரண்டு இடங்களுக்கு ஐந்து குழுக்கள். பிளாக்பர்னும் வுல்வ்ஸும் 40 புள்ளி, பர்மிங்ஹம், பிளாக்பூல், விகன் ஆகியவை 39 புள்ளி. சொந்தத் திடலில் பிளாக்பர்னிடம் 3-0 என்று பின்தங்கிய வுல்வ்ஸ், ஒரு கோலைத் திருப்பி 3-1 என்று ஆக்கியது. டோட்டன்ஹமில் பர்மிங்ஹம் 1-1 என்று சமன் செய்தது. விகன் வெற்றியை நோக்கிப் போக, பிளாக்பூல் ஓல்ட் டிராஃபர்டில் தோற்றுக்கொண்டிருந்தது. அந்தக் கணத்தில் ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள்: வுல்வ்ஸ், பர்மிங்ஹம் இரண்டும் 40 புள்ளி; கோல் வித்தியாசத்தில் வுல்வ்ஸ் மைனஸ் 21, பர்மிங்ஹம் மைனஸ் 20. வுல்வ்ஸ் இறங்குகிறது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது வுல்வ்ஸின் ஸ்டீஃபன் ஹன்ட் ஒரு கோல் அடிக்கிறார், 3-2. வுல்வ்ஸ் இன்னமும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் இப்போது வித்தியாசம் இருவருக்கும் மைனஸ் 20, அடித்த கோல்களில் வுல்வ்ஸ் 46, பர்மிங்ஹம் 37. இறங்கப் போவது பர்மிங்ஹம். வேறு வழியின்றி முன்னேறிய பர்மிங்ஹம் கடைசியில் இன்னொரு கோலையும் வாங்கி 2-1 என்று தோற்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஆர்சனலை வென்று லீக் கிண்ணத்தைத் தூக்கிய குழு, 39 புள்ளிகளோடு பிளாக்பூலுடன் சேர்ந்து இறங்கியது. தோற்கும் ஆட்டத்தில் அடிக்கும் கோலுக்கும் விலை உண்டு என்பது இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கே விளங்கும்.

40 புள்ளி எடுத்தால் பிழைத்துவிடலாம் என்ற வழக்கைப் பொறுத்தவரை, அதைக் கேட்டால் தலையாட்டிவிட்டுத் தேநீரைக் குடியுங்கள். வெஸ்ட் ஹாம் 2003இல் 42 புள்ளிகளோடு இறங்கியது. வெஸ்ட் பிரோம் 2005இல் 34 புள்ளிகளோடு பிழைத்தது. 2024இல் ஃபாரஸ்ட் 32 புள்ளிகளோடு தங்கியது, அதுவும் நிதி விதிகளை மீறியதற்காக 4 புள்ளிகள் பறிக்கப்பட்ட பிறகு. அதே பருவத்தில் எவர்ட்டன் இரண்டு தண்டனைகளில் மொத்தம் 8 புள்ளிகளை இழந்தது. ஆகவே பட்டியலுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் குறிப்பையும் படிக்க வேண்டும். சரியான கேள்வி, 18ஆம் இடத்தில் நிற்கும் குழுவின் உச்சப் புள்ளி என்ன என்பதே. 2024-25இல் கடைசி மூன்று குழுக்களும் வெகுதூரம் பின்தங்கி, லெஸ்டர் 25 புள்ளிகளில் முடிந்ததால்தான், 17ஆம் இடத்தில் 38 புள்ளிகளோடு நின்ற டோட்டன்ஹம் லீக்கைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளாமல் யூரோப்பா லீக்கை வெல்வதில் கருத்தூன்ற முடிந்தது.

இனி நேரக் கணக்கு. மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று பிரிட்டனில் கடிகாரத்தை முன்னே நகர்த்துவதால், அதன்பின் நமக்கு ஏழு மணி நேரமே வித்தியாசம். சனிக்கிழமை இரவு 11 மணிக்குத் தொடங்கிய ஆட்டங்கள் 10 மணிக்கு வரும், வார நடுவில் விடியற்காலை 4 மணிக்கு எழுந்தவர் 3 மணிக்கே எழ வேண்டும். கடைசி நாளில், ஒரு குழு மற்றதன் முடிவைப் பார்த்து ஆடிவிடக் கூடாது என்பதற்காக, பத்து ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். அண்மைக் காலமாக அது நமக்கு ஞாயிறு இரவு 11 மணி.

அன்றிரவுக்கு என் ஏற்பாடு இது. தொலைக்காட்சியில் ஒரே ஓர் ஆட்டம்; அலைவரிசையை மாற்றி மாற்றிப் பார்ப்பவர் எல்லாக் கோல்களையும் தவறவிடுவார். மற்ற ஆட்டங்களின் நிலவரத்துக்கு ஒருவர் பொறுப்பு, அவர் கையில் மட்டும் கைப்பேசி, மற்றவர்களுடையவை தலைகுப்புற மேசைமேல். இணையவழி வரும் ஒளிபரப்பு சற்றுப் பிந்தியே வருவதால், வீவக அடுக்குமாடி வீடுகளில் கோலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே எதிர் புளோக்கிலிருந்து வரும் கூச்சல் காட்டிக்கொடுத்துவிடும். சன்னலைச் சாத்திக் காற்றாடியைக் கூட்டி வைப்பதைத் தவிர இதற்கு நான் வேறு மருந்து கண்டதில்லை. முதல் நாளே ஒரு தாளில், நம் குழு வென்றால், சமன் செய்தால், தோற்றால் என்ற மூன்று வரிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே மற்றவர் என்ன செய்ய வேண்டும் என்பதைக் குறித்து, குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவேன். ஆட்டம் நடக்கும்போது பதற்றத்தில் கூட்டல் வராது.

இறங்கிப்போன குழுவின் ரசிகர் மேசையில் இருந்தால், அன்றிரவு கணக்கு பேச வேண்டாம். அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம் எப்போது என்று கேளுங்கள். ஆட்டங்கள் முடியும்போது மணி ஒன்றாகியிருக்கும், விடிந்தால் திங்கட்கிழமை. விடுப்பு எடுக்க எண்ணினால் மார்ச்சிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் அலுவலகத்தில் அந்த ஒரு நாளுக்கு மட்டும் கேட்டவருக்கெல்லாம் விடுப்பு கிடைப்பதில்லை, மேலாளரும் ஆர்சனல் ரசிகர்.