எண்டரையும் பீனையும் ஒப்பிட்டு எழுதுவது எப்படி?

ஆர்சன் ஸ்காட் கார்டு 1985இல் வெளியிட்ட ‘எண்டர்ஸ் கேம்’, 1999இல் வெளியிட்ட ‘எண்டர்ஸ் ஷேடோ’ ஆகிய இரு நாவல்களும் வேற்றுக்கோள் எதிரியோடு போரிடச் சிறுவர்களைப் பயிற்றும் ஒரே போர்ப்பள்ளியின் கதையை முறையே எண்டர், பீன் என்ற இரு சிறுவர்களின் கண்வழியே சொல்கின்றன. இருவருள் யார் அறிவாளி என்ற கேள்வியோடு ஒப்பீட்டைத் தொடங்க வேண்டாம். தேர்வு மதிப்பெண்ணில் பீனே முந்துகிறான் என்று இரண்டாவது நாவலே சொல்லிவிடுவதால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மாறாக, இரு நூல்களிலும் வரும் ஒரே காட்சியை அருகருகே வைத்துப் படியுங்கள். இறுதிப் போர் அதற்கு மிகவும் ஏற்றது. பயிற்சி விளையாட்டு என்று நம்பியே எண்டர் எதிரியின் கோளை அழிக்கிறான். அது உண்மையான போர் என்பதை முன்பே ஊகித்துவிட்ட பீனோ, அவனிடம் வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்துக்கு ஒரு முழுப் பத்தியையாவது ஒதுக்குங்கள்.

பிறகு பின்னணிக்கு வாருங்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத் தெருக்களில் பசியோடு வளர்ந்த பீன், மனிதர்களைக் கணக்குப் போட்டே அறிகிறான். அண்ணனின் கொடுமைக்கும் அக்காவின் அன்புக்கும் நடுவே வளர்ந்த எண்டரோ, எதிரியை வெல்லும் அளவுக்குப் புரிந்துகொள்ளும் கணத்திலேயே அவனை நேசித்தும் விடுகிறான். 2013ஆம் ஆண்டு வந்த ‘எண்டர்ஸ் கேம்’ திரைப்படத்தை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். அதில் ராட்டர்டாமே இல்லை.