மெக்சிகோ எல்லை நிலையங்களை இரவில் பிடிக்க ஒரு லூப் ஆன்டெனா

டெக்சாஸின் டெல் ரியோவுக்கு எதிரே, எல்லையான ரியோ கிராண்டே ஆற்றின் தென்கரையில், மெக்சிகோவின் அகூனா ஊரில் நின்று 500 கிலோவாட்டில் முழங்கிய எக்ஸ்இஆர்ஏ வானொலி நிலையம் 1941இல் ஓய்ந்துவிட்டது. வடகரையான அமெரிக்காவில் 50 கிலோவாட்தான் உச்சவரம்பு. இன்று அகூனாவின் எக்ஸ்இஆர்எஃப் (1570 கிலோஹெர்ட்ஸ்), ஹுவாரஸின் 800, ரொசாரிட்டோவின் 1090 ஆகியவற்றுக்கு முயலலாம். அவற்றுக்கு ஆற்றல் குறைவில்லை. கேட்பவரைத் தோற்கடிப்பது அவர் வீட்டு இரைச்சல்தான்.

60 செ.மீ. பக்கமுள்ள சதுர மரச்சட்டம் செய்யுங்கள். உலோகச் சட்டம் ஆகாது, அதுவே ஒரு குறுக்குச்சுற்றாகிவிடும். உறையிட்ட கம்பியை 3 மி.மீ. இடைவெளியில் 12 சுற்று சுற்றுங்கள். 30 மீட்டர் போதும். இரு முனைகளையும் 365 பிக்கோஃபாரட் கேங் கண்டென்சரில் (பழைய ரேடியோக்களில் குமிழைத் திருப்பி நிலையம் மாற்றும் கண்டென்சர்) இணைத்தால் ஏறக்குறைய 530 முதல் 1700 கிலோஹெர்ட்ஸ் வரை ட்யூன் ஆகும். மேல்முனை எட்டவில்லையா, ஒரு சுற்றைக் கழற்றுங்கள். கீழ்முனை எட்டாவிட்டால் கேங்கின் இரண்டாம் பகுதியையும் பக்க இணைப்பாகச் சேருங்கள். கை பட்டதும் ட்யூன் நகர்ந்தால் பிளாஸ்டிக் குமிழ் போடுங்கள்.

ரேடியோவுக்குக் கம்பி இணைப்பு எதுவும் வேண்டாம். உள்ளேயிருக்கும் ஃபெரைட் ராடு (ரேடியோவின் சொந்த ஆன்டெனாவான கருந்தண்டு) லூப்பின் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி, சட்டத்துக்கு அருகே வையுங்கள். முதலில் ரேடியோவில் அலைவரிசையை வைத்து, பிறகு கேங்கை மெல்லத் திருப்ப வேண்டும்; சத்தம் சட்டென்று எழும்பும் இடமே சரியான இடம். ரேடியோவை மிக ஒட்டி வைத்தால் இரண்டு ட்யூனிங்கும் ஒன்றையொன்று இழுக்கும், சற்றே விலக்குங்கள். டிஜிட்டல் ரேடியோவில் 10 கிலோஹெர்ட்ஸ் படி தேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். 9 என்றிருந்தால் 1570இல் சரியாக நிற்காது.

சட்டத்தின் விளிம்பு நிலையத்தை நோக்கினால் ஒலி உச்சம். முகம் நோக்கினால் ஒலி அறுந்துவிடும். பலரும் உச்சத்தைத் தேடியே நேரத்தை வீணாக்குகிறார்கள். உச்சம் அகலமானது, பத்து இருபது பாகை தவறினாலும் பெரிய நஷ்டமில்லை. அறும் புள்ளி மிகக் கூர்மை. அதை உள்ளூர் நிலையத்தின் மீதோ இரைச்சலின் மீதோ திருப்பி, தொலைநிலையம் மேலெழும்புகிறதா பாருங்கள். ரேடியோவும் சட்டத்தோடு சேர்ந்தே சுழல வேண்டும். தொலைநிலையமும் தொல்லை தரும் நிலையமோ இரைச்சலோ ஒரே திசையில் இருந்தால் லூப்பால் பிரிக்க முடியாது.

எல்இடி விளக்கு, சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பேட்டரியில் கேளுங்கள். பகலில் மேல்வளியிலுள்ள அயனமண்டலத்தின் டி அடுக்கு, இந்த நிலையங்கள் ஒலிபரப்பும் மத்திய அலையை விழுங்கிவிடும். அந்தி சாய்ந்த பிறகுதான் தூரம் திறக்கும். குளிர்காலம் இன்னும் நல்லது. ஒலி ஏறி இறங்குவது ஆன்டெனாவின் கோளாறு அல்ல, சில நிமிடம் பொறுங்கள்.

கிடைத்தது மெக்சிகோதானா? அழைப்புக்குறி எக்ஸ்இ என்று தொடங்குகிறதா கவனியுங்கள். நள்ளிரவில் மெக்சிகோ தேசிய கீதம் ஒலிக்கும், அந்த ஊர் நேரப்படி. ஞாயிறு இரவு 10 மணிக்கோ ‘லா ஓரா நசியோனால்’ என்ற அரசு நிகழ்ச்சி பல நிலையங்களில் ஒரே சமயத்தில் வரும் என்பதால், எது எந்த நிலையம் என்று பிரிக்க அந்த ஒரு மணி நேரம் உதவாது.