செயலாராய்ச்சி: விடைத்தாளைப் படிக்காமல் தீர்வுக்குப் போகாதீர்கள்

ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் கண்ட ஒரு சிக்கலுக்குத் தாங்களே தீர்வு செய்துபார்த்து எழுதும் செயலாராய்ச்சி அறிக்கைகள் அடிக்கடி என் பார்வைக்கு வருகின்றன. நாங்கள் அந்தக் காலத்தில் செய்த தவறுகளே புதியவர்களிடமும் தொடர்கின்றன. எழுத்துப்பிழை, பக்க எண் போன்றவற்றை யாராவது திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தீர்வை முடிவுசெய்துவிட்டுப் பிரச்சினையைத் தேடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். மூன்றாம் வகுப்பு, கடன் வாங்கிக் கழித்தல். தொடங்கும் முன் வைத்த முன்தேர்வில் மதிப்பெண் குறைவு. உடனே வண்ண அட்டைகள், விளையாட்டு. முடிந்தபின் வைக்கும் பின்தேர்வில் சராசரி ஏறிவிடும், அறிக்கையும் தயார்.

ஒரு ஆசிரியை அப்படித்தான் வந்தார். "டீச்சர், மதிப்பெண் பட்டியல் இருக்கட்டும், பிள்ளைகள் எழுதிய தாள்களைக் கொடுங்கள்" என்றேன். 52−27 என்ற கணக்குக்குப் பல பிள்ளைகளின் விடை 35. 41−18க்கு 37. ஓரத்தில் சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது. கவனக்குறைவென்றால் ஆளுக்கொரு விடை வந்திருக்காதா? இரண்டிலிருந்து ஏழு போகாது. அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறார்கள். 'பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி' என்று முதல் வகுப்பிலிருந்து நாம் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைக்கு வண்ண அட்டை எதற்கு? பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து ஈர்க்குச்சிக் கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் போதும். ஒரு கட்டைத் தன் கையால் பிரித்து, உதிரி பன்னிரண்டு ஆவதை அது பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், "எப்படிப் போட்டாய், சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பிள்ளை அதே பிழையோடு நான்காம் வகுப்புக்குப் போகும். வகுத்தல் கணக்கில் நடுவே கழிக்கும்போது மறுபடி இடறும். அங்கே இருக்கும் ஆசிரியர் வகுத்தல் வரவில்லை என்று இன்னொரு செயலாராய்ச்சி தொடங்குவார்.

முன்தேர்வுத் தாளையே பின்தேர்வுக்கும் வைப்பது

எண்களை மாற்றுங்கள்.

சராசரியோடு நிறுத்துவது

சராசரி ஏறியும் தேறாத பிள்ளைகள் இருப்பார்கள். அறிக்கையில் அதிகப் பக்கம் அவர்களுக்குத்தான் வேண்டும்.

ஒரே சுற்றில் முடிப்பது

செயலாராய்ச்சி என்ற முறைக்கு வழிகாட்டிய உளவியலாளர் கர்ட் லெவின் 1946இல் எழுதியதே திட்டமிடுதல், செய்தல், விளைவைக் கண்டறிதல், அதை வைத்து மறுபடி திட்டமிடுதல் என்று சுற்றுச்சுற்றாகப் போவதைத்தான். முதல் சுற்று பலிக்காததை மறைக்காதீர்கள். இரண்டாவது சுற்றுக்கு அதுதான் தொடக்கம்.

அப்புறம் எழுதலாம் என்று விடுவது

வகுப்பில் கண்டதை அன்று மாலையே இரண்டு வரி எழுதிவிடுங்கள். பிள்ளை சொன்ன சொல்லிலேயே.