‘ரெமியூனரேஷன்’ என்பது சம்பளம் மட்டுமல்ல

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் தம்பி ஒருவர், வேறொரு நிறுவனம் தந்த வேலை நியமனக் கடிதத்தோடு வந்தார். “அக்கா, சம்பளம் 2,600 ரிங்கிட்!” என்றார் முகம் மலர. ஆனால் கடிதத்தில் இருந்த சொல் ‘சாலரி’ அல்ல, ‘ரெமியூனரேஷன்’. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அடிப்படைச் சம்பளம் 1,900, வருகை அலவன்ஸ் 200, போக்குவரத்து அலவன்ஸ் 500.

நம் பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான். உழைப்புக்கு ஈடாகக் கிடைக்கும் எல்லாவற்றுக்கும் ‘ரெமியூனரேஷன்’ பொதுப்பெயர். அலவன்ஸ், கமிஷன், போனஸ், சில பதவிகளில் வீடும் காரும்கூட அதில் அடங்கும். சம்பளம் அதில் ஒரு பங்குதான்.

சொல்லைத் தவறாகப் படித்தால் பணக் கணக்கும் தவறும். போக்குவரத்து அலவன்ஸுக்கு இபிஎஃப் என்னும் ஊழியர் சேமநிதி கிடையாது. முதலாளி செலுத்தும் 13 விழுக்காடு, அடிப்படைச் சம்பளமும் வருகை அலவன்ஸும் சேர்ந்த 2,100 ரிங்கிட்டுக்குத்தான். 2,600க்குக் கணக்கிட்டு 338 ரிங்கிட்டை எதிர்பார்த்தவருக்கு 273 தான் சேரும். மாதம் 65 ரிங்கிட், அதுவும் முதுமைக்கான சேமிப்பில்! 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமும் போக்குவரத்து அலவன்ஸைச் சம்பளமாகக் கொள்வதில்லை. ஆகவே ஓவர்டைம் கணக்கிலும் அது வராது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் அடிப்படைச் சம்பளமாகவே இருக்க வேண்டும். அலவன்ஸைக் கூட்டி அந்தத் தொகையைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உச்சரிப்பிலும் எழுத்திலும் ‘ரெனியூமரேஷன்’ என்று தடுமாறுகிறவர்கள் ஏராளம். பணம் என்றதும் எண் நினைவுக்கு வந்து ‘நம்பர்’ குறுக்கே நுழைந்துவிடுகிறது. மூலம் ‘மூனுஸ்’ என்னும் லத்தீன் சொல்; கொடை என்று பொருள். ‘மியூ’ முன்னே, ‘ன’ பின்னே. விண்ணப்பக் கடிதத்தில் இந்தப் பிழை பளிச்சென்று தெரியும்.

வேலைக்காகக் கைக்காசில் போட்ட பெட்ரோலுக்கு ரசீது காட்டித் திரும்பப் பெறுவது ‘ரெமியூனரேஷன்’ அல்ல, ‘ரீஇம்பர்ஸ்மெண்ட்’. செலவழித்த பணம்தானே வருகிறது, அது வருமானமாகாது. ‘ரெமியூனரேஷன்’ என்பதைத் தமிழில் எழுதும்போது ‘சன்மானம்’ வேண்டாம்; ‘ஊதியம்’ பொருந்தும். மேற்பார்வையாளரிடம் பேசுகையில் “சம்பளம் இன்னும் வரவில்லை” என்றாலே போதும். ‘ரெமியூனரேஷன்’ கடிதங்களுக்கும் ஒப்பந்தங்களுக்கும் உரிய சொல். மலாயில் இதற்கு நிகர் ‘சாராஅன்’ (saraan). அரசு ஊழியர்களுக்கு 2024 டிசம்பர் 1 முதல் நடப்பிலிருக்கும் எஸ்எஸ்பிஏ (Sistem Saraan Perkhidmatan Awam) என்னும் ஊதிய முறையின் பெயரிலேயே அது இருக்கிறது.

அந்தத் தம்பி கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிட்டார். போக்குவரத்து அலவன்ஸில் 200 ரிங்கிட்டை அடிப்படைச் சம்பளத்துக்கு மாற்றிப் புதிய கடிதம் கொடுத்தார்கள். மொத்தம் அதே 2,600.