கர்ப்பத்தின் முதல் வாரங்களில் எதற்குப் பயப்படக் கூடாது, எதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது

நாள் தள்ளிப்போய், பரிசோதனை அட்டையில் இரண்டாவது கோடு தெரிந்த நாளிலிருந்து உடம்பில் எது புதிதாகத் தோன்றினாலும் நெஞ்சு படபடக்கும். அது இயல்பு. ஆனால் பல பெண்கள் பயப்படத் தேவையில்லாததற்கு இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். உடனே கிளம்ப வேண்டிய வலியை "விடியட்டும்" என்று பொறுத்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டாவது தவறுதான் என்னை வருத்துகிறது.

கோடு நேற்றைவிட மங்கிவிட்டதா என்று தினமும் சோதிக்காதீர்கள். தண்ணீர் அதிகம் குடித்திருந்தாலே கோடு மங்கும். மசக்கை ஒருநாள் வாட்டும், மறுநாள் ஒதுங்கும். சிலருக்கு வருவதே இல்லை. வாயில் இரும்பைச் சப்பியது போன்ற சுவை, ஓயாமல் ஊறும் எச்சில், அடிவயிற்றில் லேசான இழுப்பு எல்லாம் வழக்கமானவையே. ஐந்தாவது வாரத்தில் ஸ்கேன் எடுத்து, துடிப்பு தெரியவில்லை என்று இடிந்துபோகவும் வேண்டாம். இதயத்துடிப்பு பெரும்பாலும் ஆறாவது வாரத்துக்குப் பிறகே தெரியும். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களுக்கு நாள் கணக்கே மாறியிருக்கலாம். அதனால்தான் மருத்துவர் ஓரிரு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்கிறார்.

இரத்தக் கசிவு வேறு விஷயம். முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அது ஏற்படுகிறது. அவர்களில் பலருக்குக் கர்ப்பம் நல்லபடியாகத் தொடர்கிறது. கசிவைக் கண்டதும் எல்லாம் முடிந்தது என்று வீட்டிலேயே அழுதுகொண்டிருப்பதும், யாரிடமும் சொல்லாமல் மறைப்பதும், அக்காவுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கி விழுங்குவதும் தவறு. நாப்கின் வைத்து, நிறத்தையும் அளவையும் கவனித்து, அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்கள் இரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். குழந்தையின் இரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் செயல்படாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று அவர் முடிவுசெய்வார்.

ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்தாலோ, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி வெட்டினாலோ, மயக்கம் வந்தாலோ காத்திருக்காதீர்கள். கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கியிருக்கலாம். நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு இப்படி ஆகின்றன. குழாய் வெடித்தால் இரத்தம் வயிற்றுக்குள் கசிந்து, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்தும். அந்த வலி தோள்பட்டை நுனியில் தெரியும். அதை வாயு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் நேரம் உயிருக்கே ஆபத்தான நேரம். வெளியே ஒரு சொட்டு இரத்தம் தெரியாமலும் இது நடக்கும். தமிழ்நாட்டில் 108 ஐ அழைத்துவிடுங்கள்.

குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்து சிறுநீர் அடர்ந்த நிறமானால், அதை மசக்கை என்று விட்டுவிடக் கூடாது. காய்ச்சலும் சிறுநீர் எரிச்சலும் அப்படித்தான்.

கரு தங்காமல் போய்விட்டால், "பப்பாளி சாப்பிட்டாயா, மாடிப்படி ஏறினாயா" என்று வீட்டில் விசாரணை தொடங்குகிறது. மிகக் கொடிய தவறு இது. ஆரம்பத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. பெரும்பாலும் கரு உருவாகும்போதே அது நிகழ்ந்துவிடுகிறது. அவள் படியேறியதால் அல்ல.